வாக்காளர் பட்டியலும் ஒரு முதலமைச்சரும்

1967 பிப்ரவரியில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் ஸ்ரீபெரும்புதூர்த் தொகுதியில் தி.மு.க. வேட்பாளர் டி. ராஜரத்தினம் 41,655 வாக்குகள் வாங்கினார். அவரை எதிர்த்த காங்கிரஸ் வேட்பாளருக்கு 32,729 வாக்குகள் கிடைத்தன. வித்தியாசம் 8,926. தோற்றவர் மீ. பக்தவத்சலம். அன்றைய சென்னை மாநிலத்தின் முதலமைச்சர், அதே தொகுதியின் நடப்பு உறுப்பினர், அதே வட்டாரத்தில் பிறந்தவர், சட்டமன்றத்துக்குள் முதன்முதல் நுழைந்து முப்பது ஆண்டு ஆனவர்.

இந்தத் தோல்விக்குக் காரணம் கேட்டால் இரண்டு சொல்வார்கள்: இந்தி, அரிசி. இரண்டும் உண்மைதான். ஆனால் அவை காங்கிரஸ் ஏன் தோற்றது என்பதற்கான விடைகள். விருதுநகரில் காமராசரை 1,285 வாக்குகளில் வீழ்த்தியவையும் அவையே. அமைச்சரவையில் பூவராகனைத் தவிர மற்றவர்களெல்லாம் வீட்டுக்குப் போனதும் அவற்றால்தான். முப்பதாண்டு அனுபவம் உள்ள ஒரு சட்டமன்ற உறுப்பினரால் தன் காலடியில் மண் சரிவதை ஏன் உணர முடியவில்லை என்ற கேள்விக்கு அவை விடையாகா. அந்தக் கேள்விக்கு விடை தேட, அவருடைய வாழ்க்கை வரலாற்றைவிட வாக்காளர் பட்டியலின் வரலாறே எனக்கு உதவியது. யாருக்கு வாக்கு இருந்ததோ அவர்களுக்கேற்ற உறுப்பினராக அவர் உருவானார். பட்டியல் பெரிதானபோது அதற்கேற்ப அவர் மாறவில்லை.

முதலில் அந்த வட்டாரத்தைப் பார்ப்போம். தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக மேற்கே போனால் மணிமங்கலம். ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்ம பல்லவன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை வென்ற களங்களில் ஒன்றாகப் பல்லவர் செப்பேட்டில் இடம்பெற்ற பெயர் இது. இங்குள்ள ராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவர்களில் முதலாம் ராஜாதிராஜன், வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. சோழர்களின் சாளுக்கியப் போர்களைப் பற்றி எழுதுகிற எவரும் இந்தச் சுவர்களைத் தாண்டிப் போக முடியாது. சென்னையை 2015இல் மூழ்கடித்த அடையாறு பிறப்பதும் மணிமங்கலத்தை ஒட்டிய மலைப்பட்டு ஏரியிலிருந்துதான். ஏரியை நம்பி நெல் விளைவித்த பூமி. இன்று இவ்வூர் ஸ்ரீபெரும்புதூர் சட்டமன்றத் தொகுதியில் இருக்கிறது. ஒருபுறம் ஒரகடம், மறுபுறம் இருங்காட்டுக்கோட்டை, இரண்டுக்கும் நடுவே கம்பெனி பஸ்கள் ஓடும் சாலை.

இந்த வட்டாரத்தின் வடக்கு விளிம்பில், பூந்தமல்லியை ஒட்டிய நசரத்பேட்டையில், 1897 அக்டோபர் 9 அன்று பக்தவத்சலம் பிறந்தார். வசதியான நிலவுடைமைக் குடும்பம். ஐந்து வயதில் தந்தை கனகசபாபதி முதலியார் இறந்துவிட, மாமன்மார் முத்துரங்க முதலியாரும் ஏவலப்ப முதலியாரும் வளர்த்தார்கள். முத்துரங்க முதலியார் காங்கிரசின் முக்கியத் தலைவர். ஆகவே வீட்டுத் திண்ணையிலேயே அரசியல் இருந்தது. சட்டம் படித்து சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குரைஞரானார். 'இந்தியா' என்ற நாளேட்டை நடத்தினார், சென்னை மகாஜன சபையின் செயலராக இருந்தார், வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் அடிபட்டார், பலமுறை சிறை சென்றார். அவருடைய நாட்டுப்பற்றைப் பற்றி ஐயம் எழுப்ப எவருக்கும் உரிமையில்லை. தி.மு.க. மேடைகள் பிற்காலத்தில் அவரைக் கேலி செய்தபோது இந்தப் பகுதியை வசதியாக மறந்தன.

1937இல் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். 215 இடங்களில் காங்கிரசுக்கு 159. ராஜாஜி பிரதமரானார், அன்று மாகாண முதல்வருக்கு அதுதான் பெயர். பக்தவத்சலம் உள்ளாட்சித் துறையில் பார்லிமெண்டரி செயலரானார்.

அந்தத் தேர்தலில் யாருக்கு வாக்கு இருந்தது என்று பார்க்க வேண்டும். 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் வயது வந்த அனைவருக்கும் வாக்கு தரவில்லை. வரி கட்டுகிறவர், நிலம் வைத்திருப்பவர், குறிப்பிட்ட அளவு படித்தவர், வாக்குரிமை உள்ளவரின் மனைவி என்று ஒரு வேலி போட்டிருந்தது. பிரிட்டிஷ் இந்தியா முழுவதும் சேர்த்து ஏறத்தாழ மூன்று கோடிப் பேர். வயது வந்தோரில் ஆறில் ஒருவர் என்று தோராயமாகச் சொல்லலாம். மணிமங்கலம் ஏரிப் பாசனத்தில் நடவு நட்ட பெண்ணுக்கும் ஏர் ஓட்டிய பண்ணையாளுக்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. நிலத்தின் சொந்தக்காரருக்கு இருந்தது. ஆகவே வேட்பாளருக்கு வேலை எளிது. ஊருக்கு நாலு பெரிய வீடுகளில் பேசினால் ஊரோடு பேசியதாகிவிடும். முத்துரங்க முதலியாரின் மருமகனுக்கு அந்த வீடுகளெல்லாம் தெரிந்த வீடுகள்.

அடுத்த ஆண்டே ராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. 1938 ஏப்ரலில் 125 பள்ளிகளுக்கு ஆணை. பெரியார் தலைமையில் மறியல் தொடங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றார்கள். நடராசனும் தாளமுத்துவும் 1939இல் காவலில் இருந்தபோதே இறந்தார்கள். அரசு அசையவில்லை. 1939 இறுதியில் போர்ப் பிரச்சினையில் காங்கிரஸ் அமைச்சரவைகள் விலகின. 1940 பிப்ரவரியில் ஆளுநர் எர்ஸ்கின் அந்த ஆணையை ரத்து செய்தார். போர்க்காலத்தில் தேர்தல் நடக்கவில்லை. 1946இல் மறுபடி தேர்தல் வந்தபோது சுதந்திரம் என்ற ஒரே கேள்விதான் களத்தில் நின்றது. கட்டாய இந்திக்கு மக்கள் என்ன மதிப்பெண் போடுவார்கள் என்று காங்கிரஸ் தெரிந்துகொள்ளும் வாய்ப்பே வரவில்லை. சிறைக்குப் போனவர்களில் எத்தனை பேருக்கு வாக்கு இருந்திருக்கும் என்பதும் யோசிக்க வேண்டியது. மொழிக் கிளர்ச்சி என்றால் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டிய விஷயம், ஒப்படைத்தால் அடங்கிவிடும் என்ற பாடத்தை ஆளுங்கட்சி இருக்கையில் இருந்தவர்கள் எடுத்துக்கொண்டிருந்தால் அதில் வியப்பில்லை. நாற்பது வயதில் கற்ற அந்தப் பாடத்தைப் பக்தவத்சலம் அறுபத்தேழு வயதிலும் ஒப்பித்தார்.

1946இல் மறுபடி வெற்றி. அதுவும் பழைய வேலி போட்ட பட்டியலில்தான். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அமைச்சரவையில் பொதுப்பணித்துறை, செய்தித்துறை அமைச்சர். குமாரசாமி ராஜா அமைச்சரவையிலும் தொடர்ந்தார். பிறகு 1952. இருபத்தொரு வயதான ஆண், பெண் அனைவருக்கும் வாக்கு. சென்னை மாகாணத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்கு 152தான் கிடைத்தது. முதலமைச்சர் குமாரசாமி ராஜா தோற்றார். அமைச்சர்கள் பலர் தோற்றார்கள். பக்தவத்சலமும் தோற்றார்.

அதாவது, வேலி போட்ட பட்டியலில் அவர் ஒருமுறையும் தோற்கவில்லை. வேலி எடுத்த முதல் தேர்தலிலேயே தோற்றார். ஒரு தோல்வியை வைத்து ஒரு மனிதரை அளந்துவிட முடியாது என்பது சரிதான். அந்த ஆண்டு காங்கிரசுக்கே கெட்ட ஆண்டு. ஆனால் 1952 அவருக்கு ஒரு செய்தி சொன்னது. அதை அவர் படித்ததாகத் தெரியவில்லை. படிக்க வேண்டிய நெருக்கடியும் வரவில்லை. ஏனென்றால் அவருடைய அரசியல் ஏறுமுகம் தொகுதியால் தீர்மானிக்கப்படவில்லை. 1954இல் குலக்கல்வித் திட்டப் புயலில் ராஜாஜி விலகியபோது சட்டமன்றக் கட்சித் தலைமைக்குப் போட்டி நடந்தது. காமராசருக்கு எதிரணியில் நின்றவர்கள் சி. சுப்பிரமணியமும் பக்தவத்சலமும். வென்ற காமராசர் அந்த இருவரையுமே தன் எட்டுப் பேர் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். இதைக் காமராசரின் பெருந்தன்மை என்று சொல்வது வழக்கம். எனக்கு இதில் இன்னொன்றும் தெரிகிறது: கோப்பு படிக்கத் தெரிந்தவர்கள் அந்தக் கட்சியில் குறைவு, அவர்களை இழக்கக் காமராசரால் முடியாது. பக்தவத்சலத்தின் பலம் அங்கேதான் இருந்தது. விதிகள் தெரியும், மசோதா தெரியும், அதிகாரிகளைக் கேள்வி கேட்கத் தெரியும்.

1957இலும் 1962இலும் ஸ்ரீபெரும்புதூரில் வென்றார். 1957 முதல் உள்துறை. முதுகுளத்தூர்க் கலவரத்தைக் கையாள வேண்டியிருந்த அமைச்சர் அவர்தான். 1962இல் சுப்பிரமணியம் டெல்லிக்குப் போக, நிதியும் கல்வியும் அவை முன்னவர் பொறுப்பும் இவரிடம் வந்தன. அடுத்த ஆண்டு கிராமப்புறங்களில் பெண்கல்விக்கு மக்கள் ஆதரவு ஏன் குறைவாக இருக்கிறது என்று ஆராய அமைந்த தேசியக் குழுவுக்குத் தலைவரானார். பெண்கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பக்தவத்சலம் குழு என்று இன்றும் குறிப்பிடுவது அதைத்தான். நல்ல வேலை, தேர்தல் மேடையில் ஒரு வாக்குகூட வாங்கித் தராத வேலை.

இடையில் ஒரு செய்தி. சென்னைச் சட்டமன்றம் இடம் மாறி இடம் மாறி நடந்த காலம் அது. 1937இல் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபம். 1938, 1939இல் இன்று ராஜாஜி மண்டபம் எனப்படும் விருந்து மண்டபம். 1946 முதல் கோட்டை. 1952 முதல் 1956 வரை அரசினர் தோட்டத்தில் புதிதாகக் கட்டிய அவை. 1957 முதல் திரும்பவும் கோட்டை. 1959இல் ஒருமுறை உதகையில்கூடக் கூடினார்கள். மண்டபங்கள் மாறினாலும், அமைச்சர்கள் அமரும் பக்கம் பக்தவத்சலத்தைப் போல நெடுங்காலம் உட்கார்ந்த தமிழக அரசியல்வாதிகள் அன்று வெகு சிலரே. எதிர்க்கட்சி வரிசையிலிருந்து சட்டமன்றத்தைப் பார்க்கும் பயிற்சி அவருக்குக் கிடைத்ததேயில்லை. அண்ணாவுக்கும் நெடுஞ்செழியனுக்கும் கருணாநிதிக்கும் அந்தப் பயிற்சி மட்டுமே கிடைத்தது.

1963 அக்டோபர் 2. கட்சிப் பணிக்காகக் காமராசர் பதவி விலக, பக்தவத்சலம் முதலமைச்சரானார். காமராசர் அகில இந்தியத் தலைவராகிவிட்டார். மாநிலத்தில் கட்சிக்கும் ஊர்களுக்கும் இடையே பாலமாக இருந்தவர் நகர்ந்துவிட்டார். அரசு இருந்தது, அதை ஊருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் இல்லை. 1964 மார்ச்சில் பள்ளிகளில் மும்மொழித் திட்டத்தைப் பக்தவத்சலம் சட்டமன்றத்தில் முன்வைத்தார். அதற்கு ஆறு வாரம் முன்புதான், ஜனவரி 25 அன்று, கீழப்பழுவூர் சின்னசாமி திருச்சியில் இந்தியை எதிர்த்துத் தீக்குளித்து இறந்திருந்தார். அந்த இரண்டு செய்திகளையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்க்கிற எவருக்கும் நெஞ்சு துணுக்குறும். அரசு அவற்றை வேறு வேறு கோப்புகளில் வைத்தது.

1965 ஜனவரி 26இல் இந்தி ஒன்றிய ஆட்சிமொழியாகும் நாள். அண்ணாதுரை முன்னெச்சரிக்கையாகக் கைது செய்யப்பட்டார். ஜனவரி இறுதியில் சென்னைக் கல்லூரி மாணவர்கள் பல்லாயிரவர் நேப்பியர் பூங்காவிலிருந்து கோட்டைக்கு ஊர்வலமாகப் போய் முதலமைச்சரிடம் மனுக் கொடுக்கக் கேட்டார்கள். அவர் சந்திக்க மறுத்தார். என் பார்வையில் அவருடைய அரசியல் வாழ்வின் திருப்பம் அந்த மறுப்புதான். துப்பாக்கிச் சூடுகள்கூட அதற்குப் பின்னால் வருபவை. ஜனவரி 27 அன்று அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் சுடப்பட்டு இறந்தார். கோடம்பாக்கம் சிவலிங்கம், விருகம்பாக்கம் அரங்கநாதன் எனத் தீக்குளிப்புகள் தொடர்ந்தன. இறந்தவர்கள் சுமார் எழுபது பேர் என்பது அரசுக் கணக்கு. கிளர்ச்சியாளர்கள் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. பிப்ரவரி 11 அன்று ஒன்றிய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகினார்கள். அளகேசன் செங்கல்பட்டின் நாடாளுமன்ற உறுப்பினர். பக்தவத்சலத்தின் சொந்த மாவட்டத்துக்காரர். அன்றிரவே பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் இறங்கிவந்து பேசினார். டெல்லி இறங்கிவந்த பிறகும் சென்னை இறங்கவில்லை. இரண்டு நாள் கழித்து, பொதுச்சொத்துச் சேதத்துக்குத் தி.மு.க.வும் இடதுசாரிகளுமே காரணம் என்று முதலமைச்சர் குற்றஞ்சாட்டினார்.

மாணவர்களுக்கு வாக்கில்லை, அன்று வாக்குரிமை வயது இருபத்தொன்று. ஒருவேளை அந்த நினைப்பும் அரசின் மனத்தில் ஓடியிருக்கலாம். ஆனால் 1965 ஜனவரியில் பத்தொன்பது வயதாக இருந்தவனுக்கு 1967 பிப்ரவரியில் இருபத்தொன்று. அவனுக்கு வயல் வேலைக்குப் போகும் அப்பாவும் அம்மாவும் உண்டு. 1938இல் போலன்றி அவர்களுக்கும் வாக்கு இருந்தது. 1962இல் எழுபது விழுக்காட்டை ஒட்டியிருந்த வாக்குப்பதிவு 1967இல் எழுபத்தாறைத் தாண்டியது.

அரிசிக் கதை இதைவிடச் சுருக்கம், இதைவிடக் கொடுமை. நாட்டின் உணவு தானிய விளைச்சல் 1964–65இல் 8.9 கோடி டன். மறு ஆண்டு வறட்சியில் 7.2 கோடி டன். 1966 ஜூனில் ரூபாய் மதிப்புக் குறைப்பு, டாலருக்கு 4.76 ரூபாயாக இருந்தது 7.50 ஆயிற்று. எந்த முதலமைச்சரும் மழையை வரவழைக்க முடியாது. நெல் கொள்முதலும் நடமாட்டக் கட்டுப்பாடும் கொண்டுவந்தார்கள். நிர்வாக அளவில் அவற்றில் தவறு காண்பது கடினம். ஆனால் ஏரிப்பாசன ஊர்களில் அது வேறுவிதமாக விளங்கியது. விளைவித்தவனுக்குத் தன் நெல்லை விருப்பப்படி விற்க முடியவில்லை. விதைநெல்லும் கூலிநெல்லும் போக வாங்கித் தின்பவனுக்குக் கடையில் அரிசி இல்லை. இரண்டு பேருக்கும் கோபம், இரண்டு பேருக்கும் ஒரே இலக்கு. பக்தவத்சலத்தை அண்ணாச்சி என்று விளித்து அரிசி விலையைக் கேட்கும் முழக்கம் மாநிலமெங்கும் சிறுவர் வாயில் விளையாட்டுப் பாட்டானது. ரூபாய்க்கு மூன்று படி என்று தி.மு.க. வாக்களித்தது. வென்ற பிறகு அதைக் கொடுக்க முடியாமல் ரூபாய்க்கு ஒரு படி என்று இறங்கியது, அதுவும் சில நகரங்களோடு நின்றது. அந்த ஏமாற்றத்தை வாக்காளர் பொறுத்துக்கொண்டார்கள். கேட்டதற்குப் பதில் சொன்னவரைப் பொறுத்துக்கொள்வார்கள், பார்க்க மறுத்தவரைப் பொறுக்கமாட்டார்கள்.

ஸ்ரீபெரும்புதூரின் இருப்பிடமும் அவருக்கு எதிராக வேலை செய்தது. மேற்கே காஞ்சிபுரம், அண்ணாவின் ஊர். கிழக்கே பரங்கிமலை, எம்.ஜி.ஆர். போட்டியிட்ட தொகுதி. ஜனவரி 12 அன்று எம்.ஆர். ராதா சுட்ட குண்டு கழுத்தில் பாய, கட்டுப்போட்ட கழுத்தோடு எம்.ஜி.ஆர். இருக்கும் படம் சுவரொட்டியாக ஊருக்கு ஊர் போனது. இவற்றுக்கு நடுவே எழுபதை நெருங்கிய முதலமைச்சர். பழைய தலைவரான ராஜாஜியே சுதந்திராக் கட்சியோடு தி.மு.க. அணியில் நின்றார், 1938இல் இந்தியைக் கட்டாயமாக்கியவர் 1967இல் இந்தி எதிர்ப்பு மேடையில். அவர் மாறிக்கொண்டார். அவருடைய பழைய பார்லிமெண்டரி செயலர் மாறவில்லை.

மாநிலம் முழுவதும் சேர்த்துக் காங்கிரசுக்கு 41 விழுக்காட்டு வாக்குகள், தி.மு.க.வுக்கு அதைவிடச் சற்றே குறைவு. இடங்கள் மட்டும் 51க்கு 137. கூட்டணிக் கணக்கு அப்படிப் பேசியது. நோய்க்கிருமிகள் பரவிவிட்டன என்ற பொருளில் பக்தவத்சலம் தோல்விக்குப் பின் சொன்னதாக இன்றும் கூறுவார்கள். அதன் பிறகு அவர் தேர்தலில் நிற்கவில்லை. 1987 பிப்ரவரி 13 அன்று காலமானார். கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. மகள் சரோஜினி வரதப்பன் சமூகப் பணியில் பெயர் பெற்றார், பேத்தி ஜெயந்தி நடராஜன் ஒன்றிய அமைச்சரானார்.

தொகுதி என்னவாயிற்று? ராஜரத்தினம் 1971இலும் வென்றார். பிற்பாடு ஸ்ரீபெரும்புதூர் தனித்தொகுதியானது. நிலவுடைமைக் குடும்பத்து முதலியார் உட்கார்ந்த இடத்தில் தலித் உறுப்பினர்கள் உட்கார்ந்தார்கள், டி. யசோதா என்ற பெண் காங்கிரஸ் சார்பில் 1980, 1984, 2001, 2006 என நான்குமுறை வென்றார். 1991இல் போளூர் வரதன், 2021இல் கு. செல்வப்பெருந்தகை. ஆக, முதலமைச்சரே தோற்ற தொகுதியில் 2021 வரை காங்கிரஸ் ஆறுமுறை திரும்ப வென்றிருக்கிறது. ஆனால் ஆறு முறையும் தி.மு.க. தோளிலோ அ.தி.மு.க. தோளிலோ ஏறித்தான். தனியே நின்று வென்ற கடைசிக் காங்கிரஸ்காரர் 1962இன் பக்தவத்சலமே.

அவர் காலத்தில் கிண்டிக்கும் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் தொழிற்சாலைகள் வந்தன. முதலமைச்சரின் தொகுதி நெல் வயலாகவே இருந்தது, தொழில் அமைச்சர் ஆர். வெங்கட்ராமனின் தொழில் வரைபடம் நகரை ஒட்டியே நின்றது. முதலமைச்சர் தன் தொகுதிக்கு எதையும் இழுத்துக்கொள்ளவில்லை என்பதை நேர்மை என்றும் சொல்லலாம், தொடர்பின்மை என்றும் சொல்லலாம். இரண்டும் கலந்தது என்றே நினைக்கிறேன். தொழிற்சாலை இங்கு வந்தது 1990களில். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் நோக்கியா, 2010இல் ஒரகடத்தில் 4,500 கோடி ரூபாய் முதலீட்டில் ரெனோ–நிஸான். நோக்கியா 2014இல் மூடப்பட்டது. இப்போது சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன் கோக்கிறது. அங்கே பெரும்பாலும் இளம்பெண்கள் வேலை செய்கிறார்கள்.

ஒரு சட்டமன்ற உறுப்பினரிடம் தொகுதி மேம்பாட்டுக்கென்று இருப்பது ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். 4,500 கோடி எங்கே இறங்கும், எந்த ஏரியை ஒட்டி நிலம் எடுக்கப்படும் என்பதையெல்லாம் சிப்காட்டும் தொழில்துறையும் முடிவு செய்கின்றன. உறுப்பினரிடம் பட்டாவுக்கும் ரேஷன் கார்டுக்கும் வருகிறார்கள். கம்பெனியில் பையனுக்கு ஒரு வேலை என்று கேட்டு வருகிறார்கள். பக்தவத்சலத்திடம் அதிகாரம் இருந்தது, ஊரோடு பேச்சு இல்லை. இன்றைய உறுப்பினரிடம் ஊரோடு பேச்சு இருக்கிறது, அதிகாரம் இல்லை.

2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் இரண்டு மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. ஒன்று, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடம் தரும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம். மற்றொன்று, பெரிய திட்டங்களுக்காக நீர்நிலைகளை உள்ளடக்கிய அரசு நிலங்களை ஒருங்கிணைக்கும் சட்டம். இரண்டும் தமிழ்நாடு முழுமைக்கும் பொது. ஆனால் ஷிப்ட்டும் ஏரியும் ஒரே ஊரில் சேர்ந்திருக்கும் மணிமங்கலம் போன்ற இடங்களில்தான் இரண்டின் சூடும் ஒருசேரத் தெரியும். முதலாவதை ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தன, மூன்று நாளில் நிறுத்திவைப்பு, மே 1 அன்று திரும்பப் பெறும் அறிவிப்பு. இரண்டாவது நிலைத்துவிட்டது. தொழிலாளருக்குச் சங்கம் இருந்தது, ஏரிக்கு இல்லை.

பட்டியல் விவகாரம் இங்கே மறுபடி நுழைகிறது. மணிமங்கலத்திலும் படப்பையிலும் ஒரகடத்திலும் லைன் வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்கள் யார்? விழுப்புரம், திருவண்ணாமலை, தென்மாவட்டங்களிலிருந்து வந்த கான்ட்ராக்ட் தொழிலாளர்கள். ஒடிசா, பீகார், அசாமிலிருந்து வந்தவர்கள். பலருடைய வாக்கு சொந்த ஊரில் இருக்கிறது. தேர்தல் விடுமுறைக்குப் பஸ் பிடித்து ஊருக்குப் போய்ப் போட்டுவிட்டு வருகிறார்கள். வெளிமாநிலத்தவர்களில் பலர் அதுவும் போடுவதில்லை. குடிக்கும் தண்ணீர், நடக்கும் தெருவிளக்கு, ஏறும் பஸ், அடைபடும் சாக்கடை எல்லாம் மணிமங்கலத்தில். அவர்களுடைய சட்டமன்ற உறுப்பினரோ செய்யாற்றிலோ திருக்கோவிலூரிலோ இருக்கிறார். 2021 டிசம்பரில் விடுதி உணவால் தோழிகளின் உடல்நலம் கெட்டபோது ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்தார்கள். 2024 செப்டம்பரில் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தபோது அமைச்சர்கள் வந்து பேசினார்கள். அவர்களுடைய குரலைச் சாலையும் சங்கமும் கேட்க வைத்தன, வாக்கு கேட்க வைக்கவில்லை. ஏனென்றால் இந்தத் தொகுதியில் அது இல்லை. 1937இல் சொத்து இல்லாதவன் பட்டியலுக்கு வெளியே நின்றான். இன்று சொந்த வீடு இல்லாதவன் பெரும்பாலும் வெளியே நிற்கிறான். சட்டம் அவனை விலக்கவில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

அந்த வேறுபாடு பெரியது. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொத்தைக் கேட்கவில்லை, பிறந்த ஊரைக் கேட்கவில்லை. ஒருவர் வழக்கமாக வசிக்கும் இடம் எது என்று மட்டும் கேட்கிறது. வாடகை வீடும் விடுதி அறையும் வசிப்பிடமே. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் இடம்பெயர்ந்தவர்கள் என்று எத்தனையோ பெயர்கள் பழைய முகவரியிலிருந்து நீக்கப்பட்டன. ஓரிடத்தில் அழிந்த பெயரை மற்றோரிடத்தில் எழுதிக்கொள்ளாவிட்டால் எங்குமே வாக்கிருக்காது. மணிமங்கலத்திலோ ஒரகடத்திலோ வாடகைக்கு இருந்து இதைப் படிப்பவர், புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6, முகவரி மாற்றப் படிவம் 8 என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு விட்டிருப்பவர்கள், முகவரிச் சான்றுக்குக் கையெழுத்துக் கேட்டு வருபவரைத் திருப்பி அனுப்பாதீர்கள்.